பஸ்ராவிலிருந்து பஸ்ரா வரை: இலக்கியம் கண்ட நூலகர்

‘கஜானா’ என்ற சொல்லை அறியாதவர் எம்மில் இல்லை. ராஜா ராணிக் கதைகளில் பொன்னும் மணியும் பூட்டிக் கிடக்கும் அறை அது. அச்சொல்லின் வேர் அரபு மொழியின் ‘கிஸானா’ என்பதாகும். பண்டைய அரபு உலகில் நூல்களைச் சேர்த்து வைத்த இடத்தையும் இதே சொல்லால்தான் குறித்தனர். கிஸானத்துல் குதுப் என்றால் நூற் களஞ்சியம். அதற்குப் பொறுப்பானவர் ‘காஸின்’. பொன்னைக் காப்பவருக்கும் நூலைக் காப்பவருக்கும் ஒரே பெயர்.

இந்தப் பெயர்ப் பொருத்தத்தில் ஒரு பெருமை இருக்கிறது; ஒரு சிக்கலும் இருக்கிறது. பொன் எடுக்க எடுக்கக் குறையும். எனவே எவ்வளவு இறுக்கமாகப் பூட்டுகிறாரோ அவ்வளவுக்குக் கஜானாக் காவலர் நல்லவர். நூலின் இயல்பு அதுவல்ல. எடுத்து வாசிக்கப்படும்போதுதான் அது நூல். பூட்டிய அலுமாரியில் அது கறையானின் உணவு. ஆகவே நூலின் காவலர் யாரிடமிருந்து நூலைக் காக்கிறார் என்ற கேள்வி எழுகிறது. அழிவிலிருந்து காக்கிறாரா, வாசகனிடமிருந்து காக்கிறாரா?

நூலகரைப் பற்றி இலக்கியமும் சினிமாவும் இதுவரை தந்த சித்திரங்களைத் தொகுத்துப் பார்த்தால், அவற்றுட் பல வாசகனிடமிருந்து நூலைக் காப்பவரையே காட்டுகின்றன. வரலாற்றில் வாழ்ந்த நூலகர்கள் பலரோ வேறு விதமானவர்கள். இந்த இடைவெளியைப் பற்றியதே இக்கட்டுரை. கிராமப் பாடசாலையொன்றின் ஆசிரியன் என்ற வகையில் எனக்கு இது வெறும் இலக்கிய விசாரம் மட்டுமல்ல. அதன் காரணத்தைக் கட்டுரையின் இறுதிப் பகுதியில் கூறுவேன்.

உலோபியான நூலகர்

நூலகரைப் பற்றிய நகைச்சுவைச் சித்திரம் மேலைத்தேயத்தில் தோன்றிய ஒன்று எனப் பலரும் எண்ணுகிறோம். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அரபு உரைநடையின் பிதாமகர்களுள் ஒருவரான அல் ஜாஹிழ் அதனை எழுதிவிட்டார். பஸ்ராவில் பிறந்து, கி.பி. 868 அளவில் மறைந்த அவர் எழுதிய ‘கிதாபுல் புகலா’ உலோபிகளைப் பற்றிய நூல். அந்நூலின் தொடக்கத்தில், முன்னுரையை அடுத்து வருவது ஸஹ்ல் இப்னு ஹாரூன் என்பவர் தனது சிறிய தந்தையின் பிள்ளைகளுக்கு எழுதியதாகக் கூறப்படும் ஒரு கடிதம்.

இந்த ஸஹ்ல் கற்பனைப் பாத்திரமல்லர். கலீபா மஃமூனின் ஆட்சியில் (கி.பி. 813 - 833) பக்தாதின் புகழ்பெற்ற கிஸானத்துல் ஹிக்மாவின் பொறுப்பாளராக இருந்தவர். பாரசீக வழிவந்த பெரும் எழுத்தாளர். அவரது சிக்கனத்தைக் கண்டு உறவினர்கள் ஏசியதாகவும், அதற்கு அவர் ஒவ்வொன்றாக மறுப்பு எழுதியதாகவும் அமைகிறது கடிதம். மாவை நன்றாகப் பிசையும்படி பணிப்பெண்ணிடம் சொன்னது ஒரு குற்றமா? சட்டைக்கும் சப்பாத்துக்கும் ஒட்டுப் போட்டது குற்றமா? உயர்ந்த பழங்கள் இருந்த கூடைக்கு முத்திரை வைத்தது குற்றமா? இவ்வாறு வாதம் செல்கிறது. நபிமாரையும் ஸஹாபாக்களையும் மேற்கோள் காட்டிச் சிக்கனத்தின் சிறப்பை அவர் நிறுவ நிறுவ, எமக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

இக்கடிதம் ஸஹ்லே எழுதியதா, அவர் பெயரில் ஜாஹிழ் புனைந்ததா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இன்னொரு கதையும் வழங்குகிறது. உலோபத்தைப் புகழ்ந்து ஸஹ்ல் ஒரு நூல் எழுதி மந்திரி ஒருவருக்குச் சமர்ப்பித்தாராம். நூலின் அறிவுரையை ஏற்றுக்கொண்டதாகவும், அதன்படி பரிசு எதுவும் தருவதற்கில்லை என்றும் மந்திரி பதில் அனுப்பினாராம்.

உலகின் பெரும் அறிவுக் களஞ்சியமொன்றின் தலைவர், இலக்கியத்தில் முத்திரையிட்ட பழக்கூடையோடு நிலைத்துவிட்டார். அவர் எத்தனை பேருக்கு நூல் கொடுத்தார் என்பது எவருக்கும் நினைவில்லை. கூடை மட்டும் நினைவில் நின்றது. சித்திரத்தின் வலிமை அது.

சுவர்க்கத்தில் ஒரு நூலகப் பணிப்பெண்

இதற்கு நேர்மாறான ஒரு சித்திரமும் அதே அரபு இலக்கியத்தில் உண்டு. அதனைத் தந்தவர் பார்வையற்ற ஒருவர். சிரியாவின் மஅர்ரா ஊரைச் சேர்ந்த அபுல் அலா அல் மஅர்ரி (கி.பி. 973 - 1057) சிறு பராயத்திலேயே அம்மை நோயால் கண்களை இழந்தார். கி.பி. 1008இல் பக்தாதுக்குச் சென்று ஒன்றரை ஆண்டுகள் அளவில் அங்கு தங்கினார். மந்திரி ஸாபூர் இப்னு அர்தஷீர் நிறுவிய தாருல் இல்ம் என்ற நூலகம் அப்போது அங்கு பெயர் பெற்றிருந்தது. மஅர்ரி அதனோடு தொடர்பு வைத்திருந்தார். கண் தெரியாத ஒருவருக்கு நூலகம் என்பது இறாக்கைகள் அல்ல. நூலை எடுத்து வருகின்ற கைகளும் வாசித்துக் காட்டுகின்ற குரல்களுமே.

ஊர் திரும்பிப் பல ஆண்டுகளின் பின், கி.பி. 1033 அளவில், அவர் எழுதியதே ‘ரிஸாலத்துல் குஃப்ரான்’. இப்னுல் காரிஹ் என்ற அறிஞரின் கடிதத்துக்குப் பதிலாக அமைந்த இந்நூலில், அந்த இப்னுல் காரிஹையே மறுமைக்கு அனுப்பி, சுவர்க்கத்திலும் நரகத்திலும் கவிஞர்களைச் சந்திக்க வைக்கிறார் மஅர்ரி. தாந்தேயின் காவியத்துக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முற்பட்ட கற்பனை இது.

அச்சுவர்க்கத்தில் அழகிய பெண்ணொருத்தி அவரைச் சந்திக்கிறாள். தன்னை யாரென்று தெரிகிறதா எனக் கேட்கிறாள். அவருக்குத் தெரியவில்லை. பக்தாதின் தாருல் இல்மில், அபூ மன்ஸூர் முஹம்மத் இப்னு அலி காஸினாக இருந்த காலத்தில் பணியாற்றிய கறுப்பினப் பெண் தௌபீக் தானே எனவும், பிரதி எடுப்போருக்கு நூல்களைக் கொண்டு வந்து கொடுத்தவள் தானே எனவும் அவள் அறிமுகம் செய்கிறாள்.

எனக்குத் தெரிந்த அளவில், நூலகத்தில் பணிபுரியும் பெண்ணொருத்தி இலக்கியத்தில் பெயரோடு தோன்றும் மிகப் பழைய இடங்களுள் இது ஒன்று. இங்கே மஅர்ரியின் காலத்துக் குறையும் தெரிகிறது. கறுப்பாக இருந்த அவள் சுவர்க்கத்தில் கற்பூரத்தை விட வெண்மையாகிவிட்டாள் என்று எழுதுகிறார். நிறத்தை மாற்றாமல் அவளுக்கு அழகு கொடுக்க அக்காலத்துக் கற்பனைக்கு முடியவில்லை. இதனை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர் செய்த தேர்வைக் கவனிக்க வேண்டும். மந்திரி ஸாபூர் இருக்க, காஸின் அபூ மன்ஸூர் இருக்க, சுவர்க்கத்தில் எம்மைச் சந்திக்கப் பணிப்பெண் தௌபீக்கையே அவர் அனுப்பினார். அவளைப் பற்றி அவர் பதிந்து வைத்த ஒரே செயல் நூலை வெளியே கொண்டு வந்து கொடுத்தது.

வரலாற்றுக் காஸின்கள்

கற்பனையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். ஒழுக்கவியல் அறிஞராக நாம் அறியும் மிஸ்கவைஹ் (மறைவு கி.பி. 1030) தனது இளமையில் ரய் நகரில் மந்திரி இப்னுல் அமீதின் நூலகராக இருந்தார். இன்றைய தெஹ்ரானுக்கு அண்மையில் இருந்த நகரம் அது. ஹிஜ்ரி 355இல் (கி.பி. 966) குராஸானிலிருந்து வந்த தொண்டர் படையொன்று மந்திரியின் மாளிகையைச் சூறையாடியது. அமர ஒரு விரிப்போ நீர் அருந்த ஒரு பாத்திரமோ மிஞ்சவில்லை. நூலகமோ நூறு ஒட்டகச் சுமைக்கு மேற்பட்டது. திரும்பி வந்த மந்திரி தன் நூலகரைக் கண்டதும் நூல்களைப் பற்றியே விசாரித்தார். அவற்றை ஒருவரும் தொடவில்லை என்றார் மிஸ்கவைஹ். மந்திரியின் முகம் மலர்ந்தது. மற்றவற்றை மீண்டும் தேடிக்கொள்ளலாம், இவற்றைத் தேட முடியாது என்ற கருத்துப்பட அவர் பேசியதைத் தனது வரலாற்று நூலில் மிஸ்கவைஹே பதிந்திருக்கிறார்.

இது காத்தவரின் கதை. கொடுத்தவர்களின் கதையை யாகூத் அல் ஹமவி சொல்கிறார். அடிமையாக விற்கப்பட்டு, விடுதலை பெற்று, நூல் வியாபாரம் செய்து, பின் மாபெரும் புவியியல் அகராதியான ‘முஃஜமுல் புல்தானை’ எழுதியவர் அவர். கி.பி. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மர்வ் நகரில் இருந்த 10 நூலகங்களை அவர் புகழ்ந்து எழுதுகிறார். தன் வீட்டில் எந்நேரமும் இரவல் பெற்ற 200 நூல்கள் வரை இருந்தன என்றும், அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு எவரும் ஈடு கேட்கவில்லை என்றும் சொல்கிறார். அவரது அகராதிக்கான தரவுகளில் பெரும் பகுதி அங்கு திரட்டப்பட்டதுதான். கி.பி. 1221இல் மங்கோலியர் மர்வை அழித்தனர். நூலகங்கள் போயின. யாகூத் முன்னரே புறப்பட்டுவிட்டிருந்தார். இரவல் கொடுத்த நூல்களின் சாரம் அவரது அகராதியில் தப்பியது. ஈடு வாங்காமல் நூல் கொடுத்த மர்வ் நகரக் காஸின்களின் பெயர்கள் எமக்குத் தெரியாது. அவர்கள் நம்பிக் கொடுத்ததன் பலனை இன்றும் அனுபவிக்கிறோம்.

கெய்ரோவில் கி.பி. 1005இல் திறக்கப்பட்ட தாருல் இல்மில் வருவோருக்கு மையும் எழுதுகோலும் தாளும் கூட இலவசமாக வழங்கப்பட்டன. குர்துபாவில் கலீபா இரண்டாம் ஹகமின் (ஆட்சி கி.பி. 961 - 976) நூலகத்தில் நூற்பெயர்ப் பட்டியல் மட்டும் 44 பதிவேடுகள் கொண்டதாக இருந்தது. அங்கு நான்கு இலட்சம் நூல்கள் இருந்தன என்ற கணக்கை இன்றைய வரலாற்றாசிரியர்கள் ஐயத்தோடுதான் பார்க்கின்றனர். ஆனால் பதிவேடுகள் பற்றிய செய்தி, அந்நூலகத்தின் பொறுப்பாளராக இருந்த தலீத் என்பவர் வழியாக இப்னு ஹஸ்முக்குக் கிடைத்தது.

இதே குர்துபாவின் லுப்னாவை அண்மைக் காலத்தில் பல கட்டுரைகள் மாபெரும் நூலகத்தின் தலைவியாகக் காட்டுகின்றன. இப்னு பஷ்குவாலின் குறிப்பில் அவர் கலீபா ஹகமின் எழுத்தர், இலக்கணத்திலும் யாப்பிலும் கணிதத்திலும் தேர்ந்தவர், அழகிய கையெழுத்தினர். நூலகத் தலைமை பற்றி அக்குறிப்பில் ஒன்றுமில்லை. எமது பெருமைக்காக நாமும் சித்திரங்களை மிகைப்படுத்துகிறோம் என்பதற்கு இது ஓர் உதாரணம். உள்ளது உள்ளபடியே லுப்னா போதுமான அளவு பெரியவர்.

எரித்தவர் யார்?

முஸ்லிம்களையும் நூலகத்தையும் இணைத்து உலகெங்கும் பரவிய சித்திரம் மேற்சொன்ன எதுவுமல்ல. அலெக்ஸாந்திரியா நூலகத்தை எரிக்கும்படி கலீபா உமர் (ரலி) கட்டளையிட்டார் என்ற கதையே அது. யஹ்யா அந் நஹ்வி என்ற முதிய அறிஞர் நூல்களைத் தனக்குத் தரும்படி தளபதி அம்ர் இப்னுல் ஆஸிடம் (ரலி) கேட்கிறார்; கலீபாவின் பதில் எரிக்கச் சொல்கிறது; நூல்கள் ஆறு மாதங்கள் நகரத்துக் குளியலறைகளுக்கு விறகாகின்றன. அலெக்ஸாந்திரியா முஸ்லிம்களின் கைக்கு வந்தது கி.பி. 642 அளவில். கதையோ கி.பி. 1200ஐ அண்டித்தான் முதன்முதலாக எழுத்தில் தோன்றுகிறது. இடையில் ஐந்தரை நூற்றாண்டுகளாக முஸ்லிமோ கிறிஸ்தவரோ இதனை எழுதவில்லை. கதையில் வரும் யஹ்யா என அடையாளம் காணப்படுபவர் 6ஆம் நூற்றாண்டிலேயே மறைந்தவர். ஆங்கில வரலாற்றாசிரியர் கிப்பன் 18ஆம் நூற்றாண்டில் இதனை ஐயுற்றார். அல்பிரட் பட்லர் 1902இல் விரிவாக மறுத்தார். எமது உபகண்டத்தின் ஷிப்லி நுஃமானியும் உருது மொழியில் மறுப்பெழுதினார்.

கதையை விரிவாக எழுதிப் பரப்பியவர் இப்னுல் கிப்தி (மறைவு கி.பி. 1248). அவரே நூற்காதலுக்குப் பேர் போனவர். ஹலப் நகரில் பெருந்தொகை மதிப்புள்ள நூல்களைச் சேர்த்து வைத்திருந்தவர். நூலை நேசித்த ஒரு முஸ்லிமின் பேனாவிலிருந்தே இக்கதை வலுப் பெற்றது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிறரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. நூலை எரித்த முஸ்லிம் ஆட்சியாளர் எவருமில்லை என்று வாதிடவும் இயலாது. ஹகமின் நூலகத்திலிருந்த தத்துவ நூல்களை அவருக்குப் பின் அதிகாரத்துக்கு வந்த அல் மன்ஸூர் எரிக்கச் செய்தார். இப்னு ருஷ்தின் நூல்களுக்கும் கி.பி. 1195இல் அதே கதி நேர்ந்தது. பொய்யை மறுக்கும் உரிமை மெய்யை ஒப்புக்கொள்பவனுக்கே உண்டு.

இவ்விடத்தில் நான் ஒருவரை நினைவூட்ட விரும்புகிறேன். கி.பி. 1258இல் ஹூலாகுவின் படை பக்தாதை அழித்தபோது 14 வயதுச் சிறுவனாகக் கைதியானவர் இப்னுல் புவத்தி. தைகிரிஸ் நதி மையால் கறுத்து ஓடியது என்ற கதையை நாமனைவரும் அறிவோம். இச்சிறுவனின் கதையை எத்தனை பேர் அறிவோம்? பின்னர் அவர் நஸீருத்தீன் தூஸியின் மராகா வானாய்வு நிலையத்தில் நூலகரானார். பல்லாண்டுகளின் பின் பக்தாதுக்குத் திரும்பி முஸ்தன்ஸிரிய்யா மத்ரஸாவின் நூலகத்துக்குப் பொறுப்பேற்றார். கி.பி. 1323இல் மறையும் வரை எழுதிக்கொண்டே இருந்தார். எரிந்த நகரத்தின் கைதி, அதே நகரத்தில் மீண்டும் நூல்களை அடுக்குகிறார். எந்த நாவலாசிரியனுக்கும் கிடைக்கக் கூடாத பாத்திரமா இது?

குருட்டுத் துறவியும் கண்ணாடி அணிந்த கன்னியும்

மேலைத்தேயத்துக்குச் செல்வோம். உம்பர்டோ ஈகோவின் ‘ரோஜாவின் பெயர்’ 1980இல் வெளிவந்தது, 1986இல் திரைப்படமானது. மலை மீதுள்ள மடாலயமொன்றின் நூலகம். அதன் உண்மையான அதிபதி ஜோர்ஜ் என்ற கண் தெரியாத முதிய துறவி. நகைச்சுவை பற்றி அரிஸ்டாட்டில் எழுதியதாகக் கருதப்படும் நூலை எவரும் வாசிக்கக் கூடாது என்பதற்காக ஏட்டில் நஞ்சு தடவுகிறார். இறுதியில் நூலகமே எரிகிறது. வாசகனிடமிருந்து நூலைக் காக்கும் காவலரின் உச்ச வடிவம் இது.

இப்பாத்திரத்தின் பெயர் ஆர்ஜென்டீன எழுத்தாளர் ஜோர்ஜ் லூயிஸ் போர்ஹெஸை நினைவூட்டுவது. அவரும் பார்வை இழந்தவர். 1955 முதல் 1973 வரை தன் நாட்டின் தேசிய நூலகத்துக்குப் பணிப்பாளராக இருந்தவர். அதற்கு முன் நகர நூலகமொன்றில் சாதாரண உத்தியோகத்தராக ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தார். 1946இல் பெரோனின் ஆட்சி வந்ததும் அவரைச் சந்தைகளில் கோழி, முயல் பரிசோதகராக மாற்றினார்கள். அவர் பதவி விலகினார். வாழ்க்கையில் போர்ஹெஸ் அதிகாரத்துக்குப் பிடிக்காத நூலகர். கதையில் அவரது சாயலில் வந்தவரோ அதிகாரத்தின் காவலர்.

ஹொலிவூட் இன்னொரு வழியில் சென்றது. 1946இல் வெளிவந்த ‘இட்ஸ் எ வொண்டர்புல் லைஃப்’ படத்தில், கதாநாயகன் பிறந்திருக்காவிட்டால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு வானவர் காட்டுகிறார். அவன் மனைவிக்கு நேர்ந்திருக்கக் கூடிய பெருங்கேடு என்ன? மணமாகாமல், கண்ணாடி அணிந்து, நூலகத்தை மூடிவிட்டு வரும் நூலகராகியிருப்பாள்! நூலகப் பணி ஒரு பெண்ணுக்கு வந்த தண்டனையாகக் காட்டப்படுகிறது. அந்தக் கொண்டையும் கண்ணாடியும் அதன் பின் எத்தனையோ படங்களில் திரும்பத் திரும்ப வந்தன.

விதிவிலக்குகள் உண்டு. 1956இல் வந்த ‘ஸ்டோர்ம் சென்ரர்’ படத்தில் பெற்றி டேவிஸ் ஏற்ற பாத்திரம், கம்யூனிஸம் பற்றிய நூலொன்றை அகற்ற மறுத்து வேலையை இழக்கும் நூலகர். இதற்கு நிஜ வாழ்வில் ஒரு பின்னணி இருந்தது. ஒக்லஹோமா மாநிலத்தின் பார்ட்டில்ஸ்வில் நகரில் 30 ஆண்டுகள் நூலகராக இருந்த ரூத் பிரவுன் 1950இல் நீக்கப்பட்டார். சில சஞ்சிகைகள் காரணமாகக் காட்டப்பட்டன. கறுப்பின மக்களுக்குச் சமவுரிமை கோரி அவர் இயங்கியதே அடிப்படைக் காரணம். படத்தில் நிறப் பிரச்சினை கைவிடப்பட்டு நூல் மட்டும் எஞ்சியது.

1999இல் வெளிவந்த ‘த மம்மி’ படம் எமது இளைஞர்களும் பார்த்தது. 1920களின் கெய்ரோ. துணிச்சல் மிக்க நூலகர் ஈவ்லின். தாய் எகிப்தியர் என்று ஒரு வசனம் உண்டு. மற்றெல்லா வகையிலும் அவர் ஆங்கிலேயப் பெண். அறிவு அவரிடம், இரகசியமும் வாளும் உள்நாட்டவரிடம். ஆனால் அலி முபாரக்கின் முயற்சியால் 1870இல் நிறுவப்பட்ட தாருல் குதுப் அதே கெய்ரோவில்தான் இருந்தது. தொடக்கத்தில் ஜேர்மனியர்களே அதன் பணிப்பாளர்களாக இருந்தனர். 1915இல் அஹ்மத் லுத்பி அஸ் ஸெய்யித் என்ற எகிப்தியர் அப்பதவிக்கு வந்தார். ‘நைல் நதிக் கவிஞர்’ ஹாபிழ் இப்ராஹீம் 1911 முதல் அங்கு இலக்கியப் பிரிவின் தலைவராக இருந்தார். படம் காட்டும் காலத்தில் கெய்ரோவின் நூலக அறையில் அமர்ந்திருந்தவர் அரபுலகின் பெருங்கவிஞர்களுள் ஒருவர். படத்தில் அவருக்கு இடமில்லை. கீழைத்தேய நூலகர் கற்பனையிலிருந்து எவ்வாறு அழிக்கப்படுகிறார் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மீண்டும் பஸ்ரா

2003 மார்ச்சில் அமெரிக்க, பிரித்தானியப் படைகள் ஈராக்கினுள் நுழைந்தன. பஸ்ரா மத்திய நூலகத்தின் தலைமை நூலகர் ஆலியா முஹம்மத் பாக்கர் நூல்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற ஆளுநரிடம் அனுமதி கேட்டார். அனுமதி கிடைக்கவில்லை. அனுமதியின்றியே தினமும் தன் வாகனத்தில் நூல்களை வீட்டுக்கு ஏற்றிச் சென்றார். படைகள் நகருக்குள் வந்து, சூறையாடல் தொடங்கியதும், அயலிலிருந்த உணவகக்காரரையும் கடைக்காரர்களையும் அழைத்தார். நூல்களைச் சாக்குகளிலும் திரைச்சீலைகளிலும் கட்டி, மதிலுக்கு மேலால் உணவகத்துக்குக் கைமாற்றினார்கள். சுமந்தவர்களுள் எழுத வாசிக்கத் தெரியாதோரும் இருந்தனர். சில நாட்களின் பின் நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 30,000 நூல்கள், அதாவது 70 வீதமளவில், தப்பியிருந்தன.

இச்செய்தி வெளிவந்ததும் அமெரிக்காவில் மார்க் ஸ்டமாட்டி 2004இலும் ஜீனெட் வின்டர் 2005இலும் ஆலியாவைப் பற்றிச் சிறுவர்க்கான சித்திர நூல்களை வெளியிட்டனர். அதே போன்று மாலியின் திம்புக்துவில் 2012இல் ஆயுதக் குழுக்கள் நகரைப் பிடித்தபோது, அப்துல் காதிர் ஹைதராவும் தோழர்களும் கையெழுத்துப் பிரதிகளைப் பெட்டிகளில் மறைத்துத் தலைநகருக்கு அனுப்பினர். 2016இல் அதுவும் ஆங்கிலத்தில் நூலாகியது.

ஸஹ்லின் கூடைக்கு முத்திரை வைத்து அவரை இலக்கியத்தில் நிறுத்திய ஜாஹிழ் பிறந்த ஊர் பஸ்ரா. பூட்டைத் திறந்து மதிலுக்கு மேலால் நூலை அனுப்பிய பெண்ணின் ஊரும் பஸ்ரா. ஆயினும் ஆலியாவின் கதையை உலகச் சிறுவர் அறிந்தது அமெரிக்கர்களின் தூரிகையால். நூலைக் காப்பாற்றியது நாம். கதையைச் சொன்னது மற்றவர்.

எமது இறாக்கைகள்

இனி எம்மிடம் வருவோம். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 அளவிலான நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அதைப் பற்றி ஈழத்துத் தமிழில் எழுந்த கவிதைகளுள் பலராலும் எடுத்துப் பேசப்படுவது கல்முனை தந்த எம்.ஏ. நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’. ஒரு முஸ்லிம் கவிஞரின் அக்குரல் எமது இலக்கியத்தின் பெருமைகளுள் ஒன்று. நூலகம் எரிந்ததைப் பற்றிக் கதை, கவிதை, கட்டுரை என நிறைய வாசித்திருக்கிறேன். மறுநாட் காலை அந்தச் சாம்பலில் நின்ற நூலகரைப் பற்றி நான் வாசித்த கதை ஒன்றுமில்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். உடுத்த உடையோடும் கைப்பையோடும் வந்தவர்கள் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் மத்ரஸாக்களையும் விட்டு வந்தனர். அவற்றோடு அரபுத் தமிழ்க் கிதாபுகளும், மூதாதையர் கைப்பட எழுதிய ஏடுகளும் விடுபட்டன. நகைக்கும் நிலத்துக்கும் கணக்குச் சொல்பவர்களைச் சந்தித்திருக்கிறேன். எந்த வீட்டில் எந்தக் கிதாபு இருந்தது எனச் சொல்லும் பட்டியலொன்றை இதுவரை கண்டதில்லை. குர்துபாவின் நூல்களும் அழிந்தனதான். ஆனால் 44 பதிவேடுகள் இருந்தன என்ற நினைவாவது மிஞ்சியது.

எமது பாடசாலைகளைப் பாருங்கள். பல இடங்களில் நூலகத்தின் திறப்பு யாரிடம் ஒப்படைக்கப்படுகிறது? வகுப்பை நடத்தச் சிரமப்படுபவர் என்று கருதப்படும் ஆசிரியரிடம், அல்லது ஓய்வுபெறும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவரிடம். நூலகம் என்பது வேலையற்றவரின் வேலை என்ற சித்திரம் அதிபரிலிருந்து பெற்றோர் வரை எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. பொறுப்பேற்பவரோ பூட்டை இறுக்குகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. வருடாந்தம் பொருட்களை எண்ணிப் பார்க்க வருபவர்கள் தொலைந்த நூலை எண்ணுகிறார்கள். வாசிக்கப்பட்ட நூலை எண்ணுவதில்லை. ஒரு மாணவி பத்து நூல்களை வாசித்து ஒன்றைத் தொலைத்தால் அவ்வொன்றே பதிவாகிறது. பத்தும் அலுமாரியில் கிடந்து செல்லரித்தால் கணக்குச் சரியாக இருக்கிறது. இந்த முறைமை மாறாத வரை எமது நூலகர்கள் ஸஹ்லின் கூடையைச் சுமந்துகொண்டே இருப்பார்கள்.

ஸூரத்துஸ் ஸுமரின் இறுதிப் பகுதியில் நரகத்தின் வாயிலில் நிற்போருக்கும் சுவர்க்கத்தின் வாயிலில் நிற்போருக்கும் அல்லாஹ் ஒரே பெயரைத்தான் சூட்டுகிறான். இரு சாராரும் ‘கஸனா’, அதாவது காஸின்கள். ஒரு சாரார் வருவோரைக் கண்டித்து வினவுகிறார்கள். மற்றவர்கள் ஸலாம் கூறி உள்ளே அழைக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் நூலக வாயிலில் யாரைச் சந்திக்கிறார்கள் என்பது எம்மைப் பொறுத்தது.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, இச்சஞ்சிகையில் எழுதும் சிறுகதையாளர்களுக்கு. எமது கதைகளில் ஹாஜியார் வருகிறார், மௌலவி வருகிறார், மீன் வியாபாரி வருகிறார், வெளிநாடு சென்ற பெண் வருகிறாள். மாலை வேளையில் வாசிகசாலையைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் மனிதர் வருவதில்லை. அவரையும் எழுதுங்கள். அவர் உலோபியாகவும் இருக்கலாம்; ஆனால் மனிதராக இருக்கட்டும். மற்றது, எல்லோருக்கும். இங்கிலாந்தில் இருந்துகொண்டு நூலகர் என். செல்வராஜா தொகுத்து வரும் ‘நூல்தேட்டம்’ 2002இல் தொடங்கியது. தொகுதிக்கு ஆயிரம் நூல்கள் வீதம் ஈழத்தவரின் நூல்கள் அதில் பதிவாகின்றன. அவர் ஒருவரே அவ்வளவு செய்யும்போது, நாம் ஊருக்கு ஒரு கொப்பி வாங்கலாம். பள்ளிவாசல் அலுமாரியிலும், பழைய லெப்பை வீட்டுப் பெட்டியிலும், பாடசாலை நூலகத்திலும் உள்ள நூல்களின் பெயர், எழுதியவர், ஆண்டு, இருக்கும் வீடு ஆகிய நான்கையும் எழுதத் தொடங்கலாம். விடுமுறையில் மாணவர்களைக் கொண்டே செய்யக்கூடிய வேலை இது. எமது ஊரில் அல் முஹைதீன் மௌலிதுக் கிதாபுகளிலிருந்து தொடங்கலாம் என்று எண்ணியிருக்கிறேன்.